ஆறு வாரக் குழந்தையின் வெள்ளையணுக்களில் சி.எம்.வி.: கல்லீரல் பாதிப்புக்கு அதுவே காரணமா?

கேள்வி: தாய்மாமன்

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். என் தங்கையின் பெண் குழந்தைக்கு இன்று 44 நாள் ஆகிறது. நிறைமாதத்தில் 2.7 கிலோ எடையுடன் பிறந்தாள். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கிறாள். அழுகையிலும் உறக்கத்திலும் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் பிறந்த சில நாட்களில் தோன்றிய மஞ்சள் காமாலை, இளவெயிலில் காட்டினால் தானே இறங்கிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்தபடி இறங்கவில்லை. சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பதியும் அளவுக்கு அடர்ந்திருக்கிறது. மலம் சில நாள் இளமஞ்சளாகவும் சில நாள் வெளிறியும் போகிறது.

சென்ற வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மொத்த பிலிருபின் 9.4 மில்லிகிராம், அதில் நேர் பிலிருபின் (கல்லீரல் பதப்படுத்திப் பித்தத்தில் அனுப்ப வேண்டிய வகை) 6.1 மில்லிகிராம் என்று வந்தது. கல்லீரல் நொதிகள் உயர்ந்திருக்கின்றன, பித்தநாளப் பாதிப்பில் ஏறும் ஜி.ஜி.டி. என்ற நொதி மிகவும் உயர்ந்திருக்கிறது. அதோடு சைட்டோமெகலோ வைரஸுக்கான (சுருக்கமாகச் சி.எம்.வி.) ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருள் பரிசோதனை நேர்மறை, வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடி முழு இரத்தத்தில் செய்த பி.சி.ஆர். பரிசோதனையும் நேர்மறை. இந்த வைரஸ் பெரும்பாலும் வெள்ளையணுக்களுக்குள் தங்குவதால் பிளாஸ்மாவுக்கு (அணுக்களை நீக்கிய இரத்த நீருக்கு) பதிலாக முழு இரத்தம் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று அறிக்கையின் அடியில் ஒரு குறிப்பும் இருந்தது.

அறிக்கை வந்த பிறகு வீட்டில் கருத்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. பித்தநாள அடைப்பு இருக்கிறதா என்பதை உடனே பார்த்தாக வேண்டும், கல்லீரலிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுக்க வேண்டியிருக்கலாம், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து பித்தநாளத்தில் சாயம் செலுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். காரணம்தான் தெரிந்துவிட்டதே, வைரஸுக்கு மருந்து கொடுத்து ஒரு மாதம் பார்ப்போம், பச்சைக் குழந்தையின் வயிற்றில் எதற்குக் கத்தி வைக்க வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் வாதம். தங்கையோ, தன்னிடமிருந்துதான் இது குழந்தைக்குப் போயிற்று என்று சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள்.

நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களுக்குள்ளேயே ஒரு வைரஸ் ஏன் குடியிருக்கிறது? அங்கே அது இருப்பது, கல்லீரலைக் கெடுத்தது அதுதான் என்பதற்குச் சான்றாகுமா? அப்படியானால் மருத்துவர் சொல்லும் மற்றப் பரிசோதனைகளை ஒரு மாதம் தள்ளிப்போடலாமா? விளக்கமாகச் சொன்னால் வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.


பதில்: ஆய்வகமேசை

ஐயா, வணக்கம். நான் நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றில் வைரஸ் பரிசோதனைகளைப் பார்ப்பவன். தங்கள் கேள்விகளில் முதல் இரண்டுக்கு என்னால் பதில் சொல்ல இயலும். கடைசிக் கேள்விக்குக் குழந்தைகளின் கல்லீரலைப் பார்க்கும் மருத்துவர் எவரேனும் எழுதுவதே முறை. ஆனாலும் அதற்கான என் விடை "தள்ளிப்போட வேண்டாம்" என்பதே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சைட்டோமெகலோ வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், ஒருமுறை உடலுக்குள் நுழைந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் எங்கோ ஓரிடத்தில் ஓசையின்றித் தங்கிவிடுவது. சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்குகிறது, சி.எம்.வி. எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களைத் தோற்றுவிக்கும் மூல செல்களிலும், அவற்றிலிருந்து பிறக்கும் மோனோசைட் என்னும் வெள்ளையணுக்களிலும் தங்குகிறது. மோனோசைட்டுக்குள் இருக்கும்வரை அது பெரும்பாலும் பெருகுவதில்லை. அந்த மோனோசைட் இரத்தக் குழாயின் சுவரைக் கடந்து ஏதேனும் ஓர் உறுப்புக்குள் போய் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்லாக முதிரும்போதுதான் வைரஸ் விழித்துக்கொண்டு படியெடுக்கத் தொடங்குகிறது. சாதாரணமாகச் சில நாட்களில் மடிந்துவிடும் மோனோசைட்டின் ஆயுளை இந்த வைரஸ் நீட்டித்து வைப்பதாகவும், அதை உறுப்புகளை நோக்கி நகரத் தூண்டுவதாகவும் ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே காவலுக்குச் செல்லும் அணுவே வைரஸுக்கு வாகனமாகிவிடுகிறது.

வெள்ளையணுக்களில் இன்னொரு வகையான நியூட்ரோஃபில்களின் கதை வேறு. அவற்றுக்குள் இந்த வைரஸ் முழுமையாகப் பெருகுவதில்லை. தொற்றுக்குள்ளான இரத்தக் குழாய்ச் சுவர் செல்களோடு ஒட்டி உறவாடும்போது அவை வைரஸையும் அதன் புரதங்களையும் வாங்கிக்கொள்கின்றன. பிபி65 என்ற புரதத்தை நியூட்ரோஃபில்களின் உட்கருவில் சாயமேற்றிக் காணும் பரிசோதனை பல ஆண்டுகள் பெரிய மருத்துவமனைகளில் நடைமுறையில் இருந்தது. ஒளிரும் அணுக்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். இரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். வெள்ளையணு குறைந்த நோயாளியிடம் எண்ணுவதற்கே அணு கிடைக்காது. பி.சி.ஆர். வந்த பிறகு அது ஒதுங்கியதற்கு இவையே காரணம். அந்தக் காலத்தில் மாலையில் வந்த இரத்தக் குழாயைப் பார்த்தால் ஆய்வகத்தில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது.

டி செல்கள் உள்ளிட்ட லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் இந்த வைரஸை எதிர்த்துப் போராடும் பக்கத்தில் நிற்பவை. கருவிலிருக்கும் குழந்தையின் கொல்லும் டி செல்கள்கூட இந்த வைரஸை எதிர்த்து வளர்ச்சியடைந்த எதிர்ப்பைக் காட்டுகின்றன. ஆனால் அவற்றுக்குத் துணை நிற்கும் உதவி டி செல்கள் கைக்குழந்தைகளில் நெடுநாள் வலுவற்றே இருக்கின்றன. வைரஸும் சும்மா இருப்பதில்லை. தொற்றுக்குள்ளான செல் தன் மேற்பரப்பில் வைரஸ் துணுக்கைக் காட்டி டி செல்லை அழைக்கும் ஏற்பாட்டைக் குலைப்பதற்கென்றே அது பல மரபணுக்களை வைத்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்வதால்தான், தொற்று ஏற்பட்ட கைக்குழந்தை முழு நலத்துடன் இருந்தாலும் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், சிறுநீரிலும் உமிழ்நீரிலும் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது.

இனித் தங்கள் இரண்டாம் கேள்வி. இந்தியாவில் கருவுறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் ஏற்கெனவே வந்து தங்கியிருக்கிறது. பால் சுரக்கும் காலத்தில் அது மார்பகத்தில் விழித்து, பிரசவமான சில வாரங்களில் தாய்ப்பாலில் வெளிவருவது அவர்களில் பெரும்பாலோருக்கு நடக்கிறது. நிறைமாதக் குழந்தைகளுக்கு இதனால் பெரும்பாலும் தீங்கு ஏதும் நேர்வதில்லை. ஆகவே நம் ஊரில் நலமாக இருக்கும் ஆறு வாரக் குழந்தைகளை வரிசையாகப் பரிசோதித்தாலும் அவர்களில் பலரிடம் சி.எம்.வி. கிடைக்கும். இந்தச் சூழலில் தங்கள் மருமகளின் வெள்ளையணுக்களில் வைரஸ் இருப்பது, அவள் உடலில் தொற்று இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்கிறது. கல்லீரலில் என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை. தபால்காரர் பையில் கடிதம் இருப்பதைக் கொண்டு அதை அவரே எழுதினார் என்று முடிவு கட்ட முடியாதல்லவா?

பிறவித் தொற்றா, பிறந்த பின் வந்ததா என்பதையும் இப்போது எடுக்கும் மாதிரியைக் கொண்டு பிரித்தறிய இயலாது. பிறந்த 21 நாட்களுக்குள் எடுத்த சிறுநீரிலோ உமிழ்நீரிலோ வைரஸ் கண்டறியப்பட்டால்தான் அது கருவிலேயே வந்தது எனலாம். குழந்தை பிறந்த மருத்துவமனையில் தைராய்டு முதலிய சோதனைக்காகக் குதிகாலில் குத்தி அட்டையில் இரத்தத் துளி எடுத்திருந்தால், அந்த அட்டை இன்னும் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அதில் பி.சி.ஆர். செய்யலாம். அதில் நேர்மறை வந்தால் பிறவித் தொற்று உறுதியாகும். எதிர்மறை வந்தால் இல்லையென்று ஆகிவிடாது, ஏனெனில் காய்ந்த துளியில் இருக்கும் வைரஸின் அளவு மிகவும் குறைவு. ஐ.ஜி.எம். பரிசோதனையைப் பொறுத்தவரை, வேறு தொற்றுகளிலும் அது பொய்யாக நேர்மறை காட்டுவதுண்டு. அதை மட்டும் நம்பி நான் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை.

இன்னொன்று. வைரஸ் எண்ணிக்கையை மீண்டும் பார்ப்பதானால் அதே ஆய்வகத்தில், அதே வகை மாதிரியில் பாருங்கள். முழு இரத்தத்தில் வெள்ளையணுக்களின் உள்ளிருக்கும் வைரஸும் சேர்ந்து எண்ணப்படுவதால், பிளாஸ்மாவில் வரும் எண்ணைவிட அது பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் இதற்கென்று ஒரு பொது அளவுகோலை ஏற்படுத்தியும் ஆய்வகங்களுக்கிடையே வேறுபாடு முற்றிலும் நீங்கவில்லை. போன மாதம் முழு இரத்தத்தில் பார்த்ததை இந்த மாதம் பிளாஸ்மாவில் பார்த்துவிட்டு, மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

தங்கள் தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த நாட்டுத் தாய்மார்களில் பெரும்பாலோரிடம் உள்ள வைரஸ் இது. அவர் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ இது நேரவில்லை. தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.


பதில்: குழந்தைக்கல்லீரல்

குழந்தைகளுக்கான கல்லீரல் மருத்துவப் பிரிவில் பணியாற்றுகிறேன். மேலே எழுதியவரின் விளக்கம் மிகச் சரி. நான் காலத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நேர் பிலிருபின் ஒரு மில்லிகிராமைத் தாண்டினாலே கைக்குழந்தையிடம் அது நோய்க்குறி. தங்கள் மருமகளுக்கு 6.1. இதைப் பித்தத் தேக்கம் என்கிறோம். இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் வாரக்கணக்கு பார்த்து ஓட வேண்டியது, கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளம் அழற்சியால் சுருங்கி நாராகி அடைபடும் பிலியரி அட்ரீசியா. ஜப்பானின் மோரியோ கசாய் 1959-இல் விவரித்த அறுவைச் சிகிச்சையில், நாராகிப்போன நாளத்தை நீக்கிவிட்டுச் சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரலின் வாயிலோடு நேராக இணைக்கிறார்கள். பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால் பித்தம் வடியும் வாய்ப்பு கூடுதல். நாள் தள்ளத் தள்ளக் கல்லீரல் கெட்டிப்பட்டுக்கொண்டே போவதால் வாய்ப்பும் குறைகிறது. அறுவையும் மாற்றுக் கல்லீரலும் கிடைக்காத குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. தங்கள் மருமகளுக்கு 44 நாள். "ஒரு மாதம் பார்ப்போம்" என்றால் 74 நாள். கணக்கு அவ்வளவுதான்.

சி.எம்.வி. கிடைத்துவிட்டால் பித்தநாள அடைப்பு இல்லை என்று கொள்வதே நான் அடிக்கடி காணும் பிழை. உண்மை இதற்கு நேர்மாறானது. இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தே வருவதுண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தநாள அடைப்புள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குச் சி.எம்.வி. ஐ.ஜி.எம். நேர்மறையாக இருந்தது. அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பிந்திய வயதில் அறுவைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கல்லீரலில் அழற்சியும் நார்த்திசுவும் மிகுந்திருந்தன. அறுவைக்குப் பின் காமாலை தெளிந்தவர்களும் குறைவு. வைரஸ் தனியாகவே தீங்கு செய்ததா, தாமதமும் அதனோடு சேர்ந்துகொண்டதா என்று வாதிடலாம். எப்படிப் பார்த்தாலும், வைரஸ் கிடைத்த குழந்தையை இன்னும் விரைவாகப் பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

இனி என்னென்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். தெரிந்துகொண்டால் வீட்டாரின் அச்சம் குறையும். முதலில், வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்று இன்றே கேளுங்கள். பித்தம் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடலில் சேராது. வைட்டமின் கே குறைந்து மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்ட பிறகே பித்தத் தேக்கம் கண்டறியப்பட்ட குழந்தைகள் எங்களிடம் வருகிறார்கள். பிறந்தபோது போட்ட ஒரு ஊசியை இப்போதைக்குப் போதுமென்று எண்ண வேண்டாம். இரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட். பித்தப்பை இருக்கிறதா, பால் குடித்த பின் சுருங்குகிறதா, கல்லீரல் வாயிலில் முக்கோண வடிவில் நார்த்திசு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதில் இயல்பாக வந்தாலும் அடைப்பு இல்லையென்று உறுதி சொல்ல முடியாது. பித்தம் குடலுக்கு வருகிறதா என்று காட்டும் ஹைடா ஸ்கேன் என்று ஒன்று உண்டு. அதற்கு முன் ஐந்து நாள் ஃபீனோபார்பிடோன் கொடுப்பது வழக்கம். 44 நாள் ஆன குழந்தைக்கு அந்த ஐந்து நாளைச் செலவிட நான் தயங்குவேன். நேரே ஊசித் திசுப் பரிசோதனைக்குப் போவதையே விரும்புவேன்.

திசுவில் சிறு பித்தநாளங்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதும், அவற்றுள் பித்தம் அடைத்துக் கிடப்பதும், நார்த்திசு விரிந்திருப்பதும் அடைப்பைச் சுட்டும். கல்லீரல் செல்கள் ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களாகத் தெரிந்தால் அது பிறந்த குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் அழற்சியைச் சுட்டும்; இது சி.எம்.வி.யாலும் வரலாம், வேறு பலவற்றாலும் வரலாம். ஐயம் நீங்காவிட்டால் அறுவை அரங்கில் சாயப் படம். பித்தநாளம் திறந்திருந்தால் அத்தோடு வயிற்றை மூடிவிடுவார்கள். அடைபட்டிருந்தால் அதே மயக்கத்தில் கசாய் சிகிச்சை நடக்கும். மாப்பிள்ளை வீட்டார் அஞ்சும் அந்தக் கத்தி, தேவையில்லை என்று தெரிந்தவுடன் நின்றுவிடும் கத்தி என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

இதற்கிடையே கேலக்டோசீமியா, டைரோசினீமியா என்னும் பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறுகள், தைராய்டு குறைபாடு, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கான சோதனைகளும் நடந்திருக்க வேண்டும். சி.எம்.வி. என்ற ஒரு சொல் அறிக்கையில் வந்தவுடன் இவையெல்லாம் மறக்கப்படுவதுண்டு. கேலக்டோசீமியா இருந்தால் மட்டும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டிவரும்.


பதில்: ஒரு தாய்

என் மகனுக்கு இப்போது நான்கு வயது. அவனுக்கும் இரண்டாம் மாதத்தில் இதே நிலை. அறிக்கையிலும் ஏறக்குறைய இதே சொற்கள். ஊசியால் திசு எடுப்பதற்குக் கையொப்பமிட நாங்கள் இரண்டு நாள் தயங்கினோம். ஆனால் அது சிறு மயக்க மருந்தோடு சில நிமிடங்களில் முடிந்தது. அன்று முழுவதும் படுக்க வைத்து நாடித்துடிப்பைப் பார்த்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அவனுக்கு அடைப்பு இல்லை, அழற்சி மட்டுமே என்று வந்தது. காதையும் கண்ணையும் பரிசோதித்த பிறகு வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். முதலில் வாரந்தோறும் இரத்தம் எடுத்தார்கள். நியூட்ரோஃபில் எண்ணிக்கை மிகவும் இறங்கியதால் ஒருமுறை மருந்தை நிறுத்தி, ஏறிய பிறகு மறுபடியும் தொடங்கினார்கள். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் இரவென்றும் பாராமல் உடனே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

மலத்தின் நிறத்தைப் பற்றி ஒரு சொல். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து நிறம் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து நேரத்தைக் குறித்து வையுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். தைவான் நாட்டில் 2004 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் நிற அட்டை கொடுத்துப் பெற்றோரையே ஒப்பிடச் சொல்கிறார்கள் என்று எங்கள் மருத்துவர் சொல்லி, அதைப் போன்ற அட்டை ஒன்றை எங்களுக்கும் கொடுத்தார். வாயால் சொன்னதைவிட அந்தப் படங்கள் அவருக்குப் பயன்பட்டன.


பதில்: முதுநிலை மாணவி

இரு ஐயங்கள் உண்டு. திசுவிலேயே பி.சி.ஆர். செய்து வைரஸைக் கண்டால் கல்லீரல் நோய்க்கு அதுவே காரணம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? மேலும், வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்தால் வெள்ளையணுக்களில் உறங்கும் வைரஸும் அழிந்துவிடுமா?


பதில்: ஆய்வகமேசை

முதல் ஐயம் நல்ல ஐயம். இந்த நோயில் பலர் இடறும் இடமும் அதுவே. கல்லீரல் துணுக்கில் கல்லீரல் செல்கள் மட்டும் இருப்பதில்லை. அதில் இரத்தம் இருக்கிறது, அந்த இரத்தத்தில் மோனோசைட்டும் நியூட்ரோஃபிலும் இருக்கின்றன, கல்லீரலிலேயே நிலையாக வாழும் குப்ஃபர் செல்கள் என்னும் மேக்ரோஃபேஜ்களும் இருக்கின்றன. துணுக்கை அரைத்துப் பி.சி.ஆர். செய்யும்போது வைரஸ் எந்த அணுவிலிருந்து வந்தது என்ற செய்தி போய்விடுகிறது. வெள்ளையணுக்களில் வைரஸ் உள்ள குழந்தையின் எந்த உறுப்பை எடுத்துச் செய்தாலும் நேர்மறை வர வாய்ப்புண்டு. ஆகவே நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பித்தநாளச் செல்லிலோ கல்லீரல் செல்லிலோ ஆந்தைக் கண் போன்ற உட்கருத் திரள் தெரிந்தால், அல்லது வைரஸ் புரதத்துக்கான சாயம் அந்தச் செல்லில் ஏறினால், அப்போது வைரஸ் கல்லீரலுக்குள்ளேயே பெருகுகிறது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் அத்தகைய செல்கள் சிலவாகவே இருக்கும். சிறு துணுக்கில் அகப்படாமலும் போகும்.

இந்த வைரஸின் வரலாற்றிலேயே கல்லீரலுக்கு ஓர் இடம் உண்டு. ஆந்தைக் கண் செல்களைச் செருமானியர் ரிபர்ட் 1881-லேயே கண்டிருந்தாலும் அவை எதனால் என்று அவருக்குத் தெரியாது. 1950-களின் நடுவில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வைரஸைப் பிரித்தெடுத்தபோது, அவர்களில் ஒருவரான தாமஸ் வெல்லர் ஒரு கைக்குழந்தையின் கல்லீரல் துணுக்கிலிருந்தே அதை வளர்த்தெடுத்தார்.

இரண்டாம் ஐயத்துக்கு விடை, அழியாது என்பதே. கான்சிக்ளோவிரை, வைரஸின் சொந்த நொதி ஒன்று முதலில் மாற்றியமைத்தால்தான் அது வேலை செய்யத் தொடங்கும், பிறகு டி.என்.ஏ. படியெடுப்பைத் தடுக்கும். உறங்கும் வைரஸ் அந்த நொதியையும் செய்வதில்லை, படியும் எடுப்பதில்லை. மருந்துக்கு அங்கே வேலை இல்லை. வால்கான்சிக்ளோவிர் என்பது வாய்வழி கொடுத்து உடலில் கான்சிக்ளோவிராக மாறும் வடிவம் மட்டுமே. மருந்தை நிறுத்தினால் சிறுநீரில் வைரஸ் மீண்டும் வருவது வழக்கமான காட்சி. அதைத் தோல்வி என்று கொள்ள வேண்டாம்.


பதில்: குழந்தைக்கல்லீரல்

மருந்தைப் பற்றி நானும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பிறவித் தொற்றால் மூளையோ செவியோ பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு மருந்து பயன் தரும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் உண்டு. 2003-இல் வெளியான ஆய்வு ஆறு வாரம் நரம்புவழி கான்சிக்ளோவிர் கொடுத்ததைப் பற்றியது. அதில் மருந்து பெற்ற குழந்தைகளில் 63 விழுக்காட்டினருக்கு நியூட்ரோஃபில்கள் கடுமையாகக் குறைந்தன, பெறாதவர்களில் 21 விழுக்காட்டினருக்கு. 2015-இல் வெளியான ஆய்வு, ஆறு வாரத்தைவிட ஆறு மாதம் வால்கான்சிக்ளோவிர் கொடுப்பது செவித்திறனுக்கும் வளர்ச்சிக்கும் ஓரளவு கூடுதல் நன்மை தருவதாகக் கண்டது. கல்லீரல் அழற்சி மட்டும் உள்ள குழந்தைக்கு இவ்வளவு உறுதியான சான்று இல்லை. அவர்களில் பலர் மருந்தின்றியே தேறுகிறார்கள். கல்லீரல் செயல்பாடு சரியும் நிலையிலும், திசுவில் வைரஸ் தெளிவாகத் தெரியும் நிலையிலும் நான் மருந்து கொடுக்கிறேன். இலேசான அழற்சிக்குக் கொடுப்பதில்லை. என் சக மருத்துவர்களில் சிலர் இன்னும் முன்கூட்டியே கொடுப்பார்கள். பித்தநாள அடைப்பும் சி.எம்.வி.யும் சேர்ந்திருந்தால், அறுவைக்குப் பின் மருந்து சேர்க்கும் மையங்கள் உண்டு. அதில் எனக்கும் உடன்பாடே. அறுவைக்குப் பதிலாக மருந்து என்பதில்தான் உடன்பாடில்லை.


தாய்மாமன்:

விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இந்தப் பதிவுகளை அச்சிட்டு எடுத்துச்சென்று மாப்பிள்ளையிடமும் அவர் தந்தையிடமும் படித்துக் காட்டினேன். 60 நாள் கணக்கைப் பெரியவரே விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். வைட்டமின் கே ஊசி இன்று போடப்பட்டது. நாளை மறுநாள் திசுப் பரிசோதனை. பிறந்த மருத்துவமனையில் குதிகால் இரத்த அட்டை எடுக்கப்படவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆசிரியர் என்ற முறையில் ஒரு கேள்வி மட்டும் மனத்தில் நிற்கிறது. பித்தநாளம் அடைபட்டிருந்தால், அந்த அடைப்பையே இந்த வைரஸ் உண்டாக்கியிருக்கக்கூடுமா? அட்டை இல்லாத நிலையில் பிறவித் தொற்று என்று வைத்துக்கொண்டு வேறு எதையேனும் பார்க்க வேண்டுமா?


பதில்: குழந்தைக்கல்லீரல்

கூடும் என்பதே இன்றைய நிலை, நிறுவப்படவில்லை. பிறந்த குழந்தைகளின் கல்லீரல் அழற்சியும் பித்தநாள அடைப்பும் ஒரே நோய்ப்போக்கின் இரு முனைகளாக இருக்கலாம், வைரஸ் ஒன்று அதைத் தொடங்கி வைக்கலாம் என்ற கருத்தை 1974-இல் லாண்டிங் முன்வைத்தார். பிறந்த சுண்டெலிகளுக்குக் குரங்கின் ரோட்டா வைரஸைச் செலுத்தினால் பித்தநாளம் அடைபடுவதை ஆய்வகங்களில் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், பித்தநாள அடைப்புள்ள 16 குழந்தைகளில் 9 பேரின் கல்லீரல் டி செல்கள் சி.எம்.வி.யை அடையாளம் கண்டு வினைபுரிந்தன; அழற்சியைக் கட்டுக்குள் வைக்கும் டி செல்கள் அவ்வகைக் குழந்தைகளில் குறைந்தும் இருந்தன. வைரஸ் வந்து பித்தநாளச் செல்லைத் தாக்க, அதை விரட்ட வந்த நோயெதிர்ப்பு அணுக்கள் வைரஸ் போன பிறகும் நாளத்தை விடாமல் தாக்குகின்றன என்பது இதிலிருந்து எழும் கருதுகோள். அறுவையின்போது வைரஸின் தடயமே இல்லாத குழந்தைகளும் ஏராளம் என்பதால், எல்லா அடைப்புக்கும் இதுவே காரணம் என்று சொல்ல இயலாது. தங்கள் மாணவர்களுக்குச் சொல்லுமளவுக்கு இது சுவையான கேள்வி. தங்கள் மருமகளின் சிகிச்சை இந்த விடைக்காகக் காத்திருக்கவில்லை.

அட்டை இல்லாவிட்டாலும் பிறவித் தொற்றாக இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். தலைச் சுற்றளவை அளந்து குறிக்கவும், உச்சிக்குழி வழியாக மூளைக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கவும், விழித்திரையைப் பார்க்கவும், தட்டணுக்களை எண்ணவும், மூளைத்தண்டின் செவி மின்னலைப் பரிசோதனை செய்யவும் கேளுங்கள். செவிப் பரிசோதனை இப்போது இயல்பாக வந்தாலும் போதாது. இந்த வைரஸால் வரும் செவித்திறன் குறைவு பிறந்தபோது இல்லாமல் பின்னர் தலைகாட்டுவதும், ஒரு காதில் தொடங்கி மறு காதுக்குப் போவதும் உண்டு. எனவே கல்லீரல் முற்றிலும் தேறினாலும், முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும் அதன்பின் பள்ளி செல்லும் வயது வரை ஆண்டுதோறும் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.